நாற்பத்தொன்றாம் வீடு

புளியங்கொல்லியில் எண்பத்தாறு வீடுகள்.
வீட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய் எனக்கு.
பஸ் காசு தருவார்கள், அட்டைக்கடி என் கணக்கு.

படிவத்தில் பத்தொன்பது கேள்வி.
சரிவு எத்தனை டிகிரி.
சுவர் மண்ணா, ஹாலோபிளாக்கா.
நடக்கமுடியாதவர் உண்டா (அது ஏழாவது).
கூட்டினால் ஓர் எண் வரும்,
எண்ணுக்கு ஒரு நிறம் வரும்.

நிறம் என்றதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது.
"சிவப்பே போடுங்க, கீழ காலனியில வீடு குடுப்பாங்களாம்"
என்றாள் லைன் வீட்டு யோகமலர்.
"சிவப்பு போட்டா பின்னெ இந்த ஸ்தலத்தை ஆரு வாங்கும் மோளே?"
கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டே கேட்டார் வர்க்கிச்சன்.
அவருடைய மிளகுக்கொடி நிற்கும் மண்தான்
அவள் கூரைக்கு மேலே நிற்பதும்.

நான் கேட்காதவற்றுக்கே பதில்கள் நன்றாக வந்தன.
ஊற்றுத்தண்ணீர் வைகாசியிலேயே கலங்கிவிட்டது.
சில்வர் ஓக் எல்லாம் ஒரே பக்கம் இடுப்பொடித்து நிற்கின்றன.
நாற்பத்தொன்றாம் வீட்டில் கதவு சாத்தவில்லை.
ஆசாரியை மூன்று முறை திட்டினார்களாம்,
மூன்று முறையும் அவர் வந்து இழைத்துக் கொடுத்தாராம்.
கதவு ஒழுங்காகத்தான் இருந்தது.
நிலைதான் நடந்துகொண்டிருந்தது.

அடுப்படிச் சுவரில் விரிசலைக் காலண்டர் மறைத்திருந்தது.
தூக்கிப் பார்த்தேன். பழைய தடி ஐந்து ரூபாய்க் காசு
தடையில்லாமல் உள்ளே போயிற்று.
குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை
எம்சீல் வைத்து ஒட்டித் தேதி எழுதினேன்.
"இது உடைஞ்சா எனக்குப் போன் பண்ணுங்க, எந்நேரமானாலும்."
படிவத்தில் இதற்கு இடமில்லை.

ஆடி பதினொன்று. மூன்றாம் நாள் மழை.
இரவு ஒன்பதே முக்காலுக்குப் பரமானந்தன் குரல்:
"உடைஞ்சிருச்சும்மா."
பிறகு கொஞ்சம் தணிந்து,
"சாயங்காலம் பய வீட்டுக்குள்ள பந்தடிச்சான்.
அதுலயா, தானாவான்னு தெரியல.
கேட்டா அழுவுறான்."

நான் கூடலூர் வாடகை அறையில்
போர்வைக்குள், காய்ந்த காலோடு.
இறங்குங்கள் என்று சொல்ல
எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது;
என் வேலை எண்ணுவது.
இறங்குங்கள் என்றேன்.

ஒன்பது வீடு, முப்பத்தேழு பேர்,
வர்க்கிச்சனின் பசு, அதன் கன்று,
டார்ச் வெளிச்சத்தில் பள்ளிக்கூடத்துக்கு.
யோகமலரின் மாமனாரை நாற்காலியோடு தூக்கினார்கள்.
கேள்வி ஏழு என்று எழுதும்போது
அவர் இவ்வளவு கனப்பார் என்று நினைக்கவில்லை.

விடிந்தது.
மலை அங்கேயே இருந்தது,
ஒன்றும் தெரியாததுபோல், மேகத்தை முழங்காலில் போட்டுக்கொண்டு.
சேதம்: கீரி கொண்டுபோன நான்கு கோழிகள்,
அரைநாள் கூலி,
பள்ளி வராந்தாவில் பசு போட்ட சாணம்; ஹெட்மாஸ்டர் கோபம்.

யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
"அடுத்த தடவையும் கூப்பிடட்டுமா?" என்றார் பரமானந்தன்.
கூப்பிடுங்கள் என்றேன்.
இறங்குவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை.

படிவத்தின் அடியில் பேனாவால்
இருபதாவது கட்டம் வரைந்திருக்கிறேன்.
ஒரு முறை வீணாக இறங்கியவர் மறுமுறை இறங்குவாரா.
எத்தனை மதிப்பெண் என்று தெரியாமல்
வெற்றாகக் கிடக்கிறது.

நேற்றுப் புதுக் கண்ணாடி ஒன்றைத் தினசரித்தாளில் சுற்றிக்
காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.
"இதுக்கு லக்கேஜ் போடணுமா?" என்று கண்டக்டர் சிரித்தார்.
பந்து எட்டாத உயரத்தில் ஒட்டச் சொன்னேன்.
சாயங்காலம் போன் வந்தது:
ஒட்டியாயிற்றாம்.
அந்த உயரத்துக்கும் விரிசல் ஏறியிருக்கிறதாம்.